ஏசி தண்ணீர்: எவ்வளவு வரும், எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

கேள்வி இது: சென்னையில் அடுக்குமாடி வீடு, இரண்டு படுக்கையறைகளில் அறைக்கொரு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. ராத்திரி முழுக்கப் பால்கனிப் பக்கம் தண்ணீர் சொட்டி, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். அதைப் பிடித்துவைத்தால் செடிக்கு ஊற்றலாமா, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆகுமா, காய்ச்சினால் குடிக்கலாமா?

சட்டென்று சொல்வதானால்: செடிக்கு ஊற்றலாம், கொஞ்சம் பார்த்து. வீடு துடைக்க, கண்ணாடி துடைக்க இதைவிட நல்ல தண்ணீர் உங்கள் வீட்டுக் குழாயில் வராது. பேட்டரிக்கு வேண்டாம். குடிக்கவே கூடாது. ஏன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தண்ணீரைப் பற்றி வாட்ஸப்பில் சுற்றும் தகவல்களில் பாதி, அளவைப் பெரிதாக்குகிறது. மீதிப் பாதி, சுத்தத்தைப் பெரிதாக்குகிறது.

முதலில் அளவு. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் அறையிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் அதில் ஏறக்குறைய கால் பங்கு, காற்றைக் குளிர்விப்பதற்கு அல்ல, காற்றிலிருக்கும் நீராவியைத் தண்ணீராக்குவதற்கே போகிறது. நீராவியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்க 0.68 யூனிட் (கிலோவாட்-மணி) அளவு வெப்பத்தை எடுத்தாக வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இந்த எண்ணை 20 மணி நேரத்தால் பெருக்கித்தான் "தினமும் 40 லிட்டர்" என்கிறார்கள். ஆனால் எந்தப் படுக்கையறை ஏசியும் ராத்திரி முழுக்க முழு வேகத்தில் ஓடாது. அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். இன்வெர்ட்டர் ஏசியாக இருந்தால் வேகம் குறையும். உள்ளே ஈரம் வந்தால்தானே தண்ணீர் வரும்?

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கணக்கு தெளிவாகிவிடும். 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் உள்ளே இருக்கும் காற்றின் எடை சுமார் 40 கிலோ. மே மாத ராத்திரியில் வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ காற்றில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். ஏசி போட்ட அறையில், 25 டிகிரியில், அது 11 கிராமாக இறங்குகிறது. ஆக, அறைக் காற்று முழுவதும் ஒருமுறை மாறினால் கிடைப்பது 360 மில்லி. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக மணிக்கு ஒருமுறை காற்று மாறுகிறது என்று வையுங்கள். தூங்கும் இருவரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து இன்னொரு 100 மில்லி. மணிக்கு அரை லிட்டருக்குக் கிட்டத்தட்ட. மெத்தை, திரைச்சீலை, சுவர் பிடித்துவைத்திருக்கும் ஈரம் முதல் ஒரு மணி நேரத்தில் கூடுதலாக வரும். எட்டு மணி நேரத்துக்கு நாலு, ஐந்து லிட்டர். குளியலறை ஒட்டிய அறை, அடிக்கடி திறக்கும் கதவு என்றால் எட்டு, பத்து. உங்கள் இரண்டு ஏசிக்கும் சேர்த்து ராத்திரிக்கு 8 முதல் 15 லிட்டர் என்று எதிர்பாருங்கள். பகலில் ஹாலில் ஏசி ஓடினால் அது தனிக்கணக்கு. கோயம்புத்தூர், மதுரைப் பக்கம் ஏப்ரல் மதியத்தில் காற்று காய்ந்திருக்கும்போது இதில் பாதிகூட வராது.

இதிலிருந்து உபரியாக ஒரு செய்தி கிடைக்கிறது. மூடிய சின்ன அறையில் ஒரு ராத்திரிக்கு 12, 15 லிட்டர் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். வெளிக்காற்று எங்கேயோ தாராளமாக உள்ளே வருகிறது என்று அர்த்தம்: குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, கதவுக்கு அடியில் இடைவெளி, ஏசி பைப் போன சுவர் ஓட்டையை அடைக்காமல் விட்டது, இவற்றில் ஏதாவது ஒன்று. அந்தக் கூடுதல் தண்ணீர் ஒவ்வொரு லிட்டருக்கும் நீங்கள் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு ராத்திரி வாளி வைத்து அளந்து பார்ப்பது ஏசியைப் பற்றியே பலதும் சொல்லிவிடும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளெல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த சமயத்தில், பல வீடுகளில் ஏசிக்கு அடியில் வாளி வைக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரத்துக்கு அது சரி. ஆனால் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் ராத்திரி முழுக்க வந்த தண்ணீர் ஒன்றிரண்டு முறை கழிவறை ஃபிளஷ் செய்யக் காணும், அவ்வளவுதான். இதன் மதிப்பு அளவில் இல்லை. இதில் உப்பு இல்லை, அதுதான் மதிப்பு. சென்னையில் கடற்கரையோரப் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். ஏசி தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் பெரும்பாலும் 10 முதல் 50-க்குள் காட்டும். எங்கெல்லாம் உப்புத் தண்ணீர் உங்களுக்குத் தொல்லை தருகிறதோ, அங்கே இதைப் பயன்படுத்துங்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தானாக வரும்.

கூடவே இன்னொன்றையும் மறக்கக் கூடாது: உப்பில்லாதது வேறு, சுத்தமானது வேறு. அறைக் காற்றிலிருக்கும் தூசி, துணி நார், தோல் துகள், பூஞ்சை வித்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டுதான் இந்தத் தண்ணீர் இறங்குகிறது. அலுமினியத் தகடுகள்மேல் வழிந்து, தாமிரக் குழாய்களைத் தொட்டு, எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு தட்டில் தேங்கி வெளியே வருகிறது. அந்தத் தட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வழவழவென்று பாசி மாதிரி ஒரு படலம் இருக்கும். அது முழுக்க நுண்ணுயிர்கள். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைவதால் தண்ணீர் லேசான அமிலத்தன்மையோடும் இருக்கும். அதனால் உலோகம் சிறிதளவு கரையும்.

வீட்டு வேலைக்கு

துடைக்கும் வேலைகள்தான் முதலிடம். போர் தண்ணீரில் கிரானைட் மேடையைத் துடைத்துவிட்டுப் போனால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். கறுப்பு டைல்ஸில் இன்னும் மோசம். ஏசி தண்ணீரில் துடைத்தால் அது வராது. ஜன்னல் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடித் தடுப்பு, ஸ்டீல் குழாய்கள், காரின் மேல்பரப்பு எல்லாம் அப்படியே. மாப் போடும் வாளியில் கிருமிநாசினித் திரவத்தை வழக்கம்போலக் கலந்துகொள்ளுங்கள். தண்ணீர் மென்மையாக இருப்பதால் சோப்புத்தூளோ திரவமோ பாதி அளவே போதும். அதே அளவு போட்டால் நுரை அடங்காமல் தரை பிசுபிசுக்கும், பிறகு இன்னொரு முறை துடைக்க வேண்டிவரும். இரண்டு மூன்று அறை வீட்டுக்கு ஒரு தடவை துடைக்க ஏழெட்டு லிட்டர் ஆகும் என்பதால் ராத்திரி வரவும் காலைச் செலவும் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்திவிடும். தண்ணீரைத் தேக்கி வைக்கும் வேலையே இல்லை.

மாடியில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர்களுக்கு இது வரம். போர் தண்ணீரில் கழுவினால் தகட்டின்மேல் படியும் உப்புப் படலம் பிறகு எளிதில் போகாது, வெளிச்சத்தையும் மறைக்கும். ஒரு தகட்டுக்கு இரண்டு லிட்டர், மென்மையான மாப், விடிகாலை நேரம். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம் என்பதால் வெயில் ஏறியபின் தொடாதீர்கள்.

கையால் துவைக்கும் துணிகளுக்கும், டாப் லோட் வாஷிங் மெஷினில் ஊற்றுவதற்கும் இது ஏற்றது. ஃபிளஷ் டேங்குக்கு ஊற்றலாம். வேறு வேலை இல்லாதபோது மட்டும் என்பேன், உப்பில்லாத தண்ணீரை அதற்குச் செலவழிப்பானேன்.

செடிகளுக்கு

இங்கேதான் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. "சத்தே இல்லாத தண்ணீர், செடி செத்துவிடும்" என்று ஒரு கட்சி. "மழைத்தண்ணீர் மாதிரி, இதையே ஊற்றுங்கள்" என்று இன்னொரு கட்சி. தண்ணீரால் செடி சாகாது. ஆனால் போர் தண்ணீரில் வேண்டாத அளவுக்கு இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் இதில் கொஞ்சம்கூட இல்லை. தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த தொட்டியில் மாதக்கணக்கில் இதை மட்டுமே ஊற்றினால், பழைய இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க நடுப்பகுதி மஞ்சளாகும். அது மெக்னீசியக் குறை. புது இலை நுனி சுருண்டு கருகினால் கால்சியம் பற்றவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய்த் தண்ணீரை மாற்றி ஊற்றினாலே இது வராது. மாற்றி ஊற்ற முடியாதவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு ஒரு கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கலந்து ஊற்றலாம்; கால்சியத்துக்கு உரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை ஓட்டை நம்ப வேண்டாம், அது கரைய மாதங்கள் ஆகும்.

ஆந்தூரியம், ஆர்க்கிட், பெரணி, கலாத்தியா வளர்ப்பவர்கள் சென்னையில் இலை நுனி கருகுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருப்பார்கள். பெரும்பாலும் உப்புதான் காரணம். ஏசி தண்ணீரை முதலில் இந்தச் செடிகளுக்கு ஒதுக்குங்கள். விதை முளைக்கும் தட்டுகளுக்கும் நல்லது.

தொட்டி மண்ணின்மேல், தொட்டி ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அதை அலசி வெளியேற்ற இதைவிட நல்ல தண்ணீர் இல்லை. தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும்: 10 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர். ஒரே மூச்சில் ஊற்றாமல், அரை மணி நேரத்தில் நாலைந்து தவணையாக ஊற்றி, அடியிலிருந்து வடிவதை வெளியே விட்டுவிடுங்கள். தட்டில் தேங்கவிட்டால் உப்பை மண் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். அலசும்போது உரமும் போய்விடும் என்பதால் ஒரு வாரம் கழித்துப் பாதி அளவு உரம் கொடுங்கள்.

வீட்டில் ஆர்ஓ இயந்திரம் இருந்தால் இன்னும் ஒரு நல்ல வழி உண்டு. ஆர்ஓ கழிக்கும் தண்ணீர் டிடிஎஸ் 1,500 காட்டுகிறது, செடிக்கு ஆகவில்லை என்று கொட்டுகிறீர்கள் அல்லவா? ஒரு பங்கு ஆர்ஓ கழிவுக்கு இரண்டு பங்கு ஏசி தண்ணீர் கலந்தால் 520-க்கு வந்துவிடும். கத்தரி, வெண்டை, செம்பருத்தி, அரளி எல்லாம் இதைத் தாங்கும். ஒன்றில் இருக்கும் உப்பு இன்னொன்றில் இல்லாததை ஈடுகட்டுகிறது. மொத்தமாகக் கிடைக்கும் தண்ணீரும் கூடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அரைகுறை, சேர்த்தால் உருப்படி.

கீரையும் தக்காளியும் இதிலேயே வளர்க்கலாமா என்றால், கலந்து ஊற்றுங்கள், இதை மட்டுமே ஊற்ற வேண்டாம். மண்ணுக்குத்தான் ஊற்ற வேண்டும். சாப்பிடும் இலைமேல் தெளிக்கக் கூடாது.

செடிகளுக்கு நேரடியாக ஏசி ஹோஸை விடுபவர்கள் ஒரு சிக்கலில் மாட்டுவார்கள். ஒரே தொட்டியில் விட்டால் ராத்திரி முழுக்க நாலு லிட்டர் அதிலேயே இறங்கி வேர் அழுகும். சரி, டி இணைப்புப் போட்டு ஆறு தொட்டிக்குப் பிரிப்போம் என்றால், நிமிடத்துக்கு எட்டு மில்லி வரும் நூல் மாதிரி ஒழுக்கு சமமாகப் பிரியாது. எந்த வாய் சற்றுத் தாழ்வாக இருக்கிறதோ அது வழியாகவே எல்லாம் போகும். முதலில் கேனில் சேர்த்து, பிறகு கேனை ஸ்டூல்மேல் வைத்து, 4 மில்லிமீட்டர் மைக்ரோ டியூப் வழியாகப் பிரித்தால்தான் பங்கு ஏறக்குறையச் சமமாகும். எல்லா டியூபும் ஒரே நீளம், முனைகள் ஒரே உயரம். கடையில் விற்கும் சொட்டுநீர் டிரிப்பர்கள் ஒரு பார் அழுத்தத்துக்கு வடிவமைத்தவை. ஒரு மீட்டர் உயரக் கேன் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தராது. அழுத்தம் சமன்செய்யும் வகை டிரிப்பர் என்றால் திறக்கவே திறக்காது.

எதற்கு ஆகாது

பேட்டரியைப் பற்றி நிறையப் பேர் அடித்துச் சொல்வார்கள்: "டிடிஎஸ் மீட்டரில் பத்துதான் காட்டுகிறது, டிஸ்டில்டு வாட்டருக்கு என்ன குறை?" குறை அந்த மீட்டரில்தான். அது மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தோராயமாகச் சொல்லும். என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. பேட்டரித் தண்ணீருக்கு ஐஎஸ் 1069 என்று தனி இந்தியத் தரமே இருக்கிறது, இரும்பு, குளோரைடு போன்றவை எவ்வளவுக்குமேல் இருக்கக் கூடாது என்று அதில் வரம்பு உண்டு. ஏசி தண்ணீரில் வரும் சொற்பத் தாமிரம் எதிர்மின் தகட்டில் படிந்து, பேட்டரி சும்மா இருக்கும்போதே தானாகச் சார்ஜ் இறங்கும்படி செய்யும். கடற்கரை ஊரில் தூசியோடு வரும் குளோரைடு ஈயத் தகட்டை அரிக்கும். ஒருமுறை ஊற்றினால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் "நான் ஊற்றினேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்று சாட்சிகள் கிடைக்கிறார்கள். ஆனால் பேட்டரியில் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். அழுக்கு உள்ளேயே தங்கி ஒவ்வொரு முறையும் கூடும். ஒரு டியூபுலர் பேட்டரி ஆண்டுக்குக் குடிப்பது சில லிட்டர்தான். அதில் மிச்சம் பிடிக்கப் போய், ஆயிரக்கணக்கில் விலையுள்ள பேட்டரியின் ஆயுளில் கைவைப்பது கணக்குக்கு ஒத்துவராது.

குடிப்பது, சமைப்பது, பாத்திரம் அலசுவது, வாய் கொப்பளிப்பது எதற்கும் கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். காற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் இயந்திரங்கள் விற்கிறார்களே என்பார்கள். அவற்றில் தண்ணீர் தொடும் பகுதிகள் உணவுத் தரப் பூச்சுள்ளவை, பிறகு வடிகட்டி, புற ஊதா விளக்கு, தாது சேர்ப்பு என்று பல கட்டம் இருக்கிறது. உங்கள் ஏசியில் எதுவும் இல்லை. நாய், பூனை, மொட்டைமாடிக் குருவிகள் எல்லாவற்றுக்கும் இதே விதி. மீன் தொட்டிக்கும் வேண்டாம். மீன் தாங்கும் அளவு தாமிரத்தில்கூட இறாலும் நத்தையும் செத்துவிடும்.

அவ்வளவாகப் பேசப்படாத ஆபத்து ஒன்று: இந்தத் தண்ணீரைப் பனிபோல் தெளிப்பது. ஹியுமிடிஃபையர், மிஸ்ட் ஃபேன், செடிக்கு நுண்தெளிப்பான் இவற்றில் ஊற்றாதீர்கள். லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரை தேங்கிய தண்ணீரில் பெருகும்; குடிப்பதைவிட, நுண்துளியாக மூச்சில் போவதுதான் அதன் வழி. நுரையீரல் அழற்சி வரும், வயதானவர்களுக்கு உயிராபத்து. பால்கனி வெயிலில் மூன்று நாள் இருந்த கேன் அதற்குத் தோதான இடம்.

நீராவி இஸ்திரிப்பெட்டிக்கு நல்லது என்று பரவலாக ஒரு நம்பிக்கை. உப்பு அடைக்காது, உண்மைதான். ஆனால் கரையாத தூசியும் படலமும் சூட்டில் கருகி வெள்ளைச் சட்டையில் பழுப்புத் துளியாக வந்து விழும். சில கையேடுகளில் ஏசி, ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றாதே என்றே போட்டிருக்கும். கார் ரேடியேட்டருக்கு அதற்கான கூலன்ட்தான்.

பிடிக்கும் முறை

பால்கனிக்குத் தேவையானவை: மூடியுள்ள, வெளிச்சம் புகாத 20 அல்லது 25 லிட்டர் கேன், அதில் பொருத்த ஒரு பிளாஸ்டிக் குழாய் (டேப்), ஏசி டிரெயின் ஹோஸ் தேவையான நீளத்துக்கு, நைலான் கொசுவலைத் துண்டு, கேபிள் டை. வெள்ளைக் கேன் வேண்டாம், பாசி பிடிக்கும்.

ஆரம்பிக்குமுன் டிரெயின் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். ஏசியின் மின்சாரத்தை அணைத்து, முன்மூடியைத் திறந்து வடிகட்டிகளைக் கழற்றி, தகடுகளின் கீழ்ப்பகுதியில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பெரும்பாலான மாடல்களில் வலது ஓரத்தில் மின்பலகை இருக்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள். ஓரிரு நிமிடத்தில் வெளி ஹோஸில் தண்ணீர் தடையில்லாமல் வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கேன் வைப்பது பிறகு.

ஹோஸ் ஒவ்வொரு மீட்டருக்கும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும், இரண்டு இருந்தால் நிம்மதி. நடுவில் எங்கும் தொட்டில்போல் தொங்கவோ மேலே ஏறி இறங்கவோ கூடாது. மூன்று மீட்டருக்குமேல் போக வேண்டுமென்றால் நெளிவு ஹோஸை விட்டுவிட்டு முக்கால் இன்ச் பிவிசி பைப்புக்கு மாறுங்கள். உட்புறம் வழவழப்பாக இருப்பதால் பாசி தங்காது, வெயிலில் ஹோஸ் அளவுக்கு நொறுங்காது. அறைக்குள் பைப் போகும் பகுதிக்கு நுரை உறை கட்டாயம். உள்ளே போகும் தண்ணீர் 15 டிகிரி அளவில் இருக்கும். உறை இல்லாத பைப் வெளிப்புறம் வியர்த்துச் சுவரில் கறை பிடிக்கும், ஏசி ஒழுகுகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவீர்கள்.

கேனில் குழாயை அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மேலே பொருத்துங்கள். படியும் கசடு கீழேயே நிற்கும். மேல்விளிம்புக்கு நாலு சென்டிமீட்டர் கீழே ஓர் ஓட்டை போட்டு, அதிலிருந்து பால்கனி வடிகாலுக்கு ஒரு துண்டு ஹோஸ். வெளியூர் போன நாளில் கேன் நிரம்பினால் தண்ணீர் அந்த வழியே போகட்டும், கீழ்வீட்டுக்கு வேண்டாம். ஏசி ஹோஸின் முனை எப்போதும் இந்த ஓட்டையைவிட மேலேயே நிற்க வேண்டும். எல்லோரும் செய்யும் தவறு ஹோஸைக் கேனின் அடிவரை விடுவது. முனை தண்ணீரில் மூழ்கியதும் ஹோஸுக்குள் காற்று அடைபட்டு, தண்ணீர் திரும்பி உள்ளே, கட்டில்மேல் சொட்டும். வலையை ஹோஸ் முனையில் கட்டாமல் கேன் வாயைச் சுற்றியும், நிரம்பி வழியும் ஓட்டையிலும் கட்டுங்கள். ஹோஸ் முனையில் கட்டினால் பாசி அந்த வலையையே அடைத்துவிடும்.

வலை எதற்கென்றால் டெங்குக் கொசுவுக்கு. ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது, இந்த மாதிரி தெளிந்த தண்ணீரைத்தான் தேடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். ஆகவே வலை இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறை கேனை முழுக்கக் காலிசெய்து உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, விளிம்பில் ஒட்டியிருக்கும்; காயவைத்தாலும் சாகாது; தேய்த்தால்தான் போகும். மழைக்காலத்தில் மாநகராட்சிக் களப்பணியாளர்கள் பால்கனிக் கேனைத்தான் முதலில் எட்டிப்பார்க்கிறார்கள்.

இதுவரை ஏசி ஹோஸ் குளியலறை வடிகாலில் சொருகியிருந்தால், எடுத்தபின் அந்த ஓட்டையை மூடி போட்டு அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரப்பானும் சாக்கடை நாற்றமும் அந்த வழியாக வரும்.

எது கெட்டுப்போகும்

அறைக்குள் ஏசி சொட்டினால் பத்தில் எட்டு முறை அடைப்புதான். வெளிமுனையிலிருந்து வாக்யூம் கிளீனரால் (தண்ணீர் இழுக்கும் வகை) ஒரு நிமிடம் உறிஞ்சினால் பாசித்திரள் வந்துவிடும். ஊதாதீர்கள், ஊதினால் அத்தனையும் திரும்பித் தட்டுக்குப் போய், கொஞ்சம் உங்கள் சுவரிலும் தெறிக்கும். நம் ஊரில் தனியாக இன்னொரு காரணம் உண்டு: மாதக்கணக்கில் ஓடாத ஏசியின் ஹோஸ் முனையில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். மார்ச்சில் முதல்முறை ஏசியைப் போடுமுன் முனையைப் பார்த்துவிடுங்கள்.

அடைப்பு இல்லை, இன்னும் சொட்டுகிறது என்றால் தகட்டில் பனிக்கட்டி பிடித்து உருகுகிறதா என்று பாருங்கள். வடிகட்டி அழுக்கானாலோ கேஸ் குறைந்தாலோ பனி பிடிக்கும். முதலாவதை நீங்களே கழுவலாம்.

ஏசியிலிருந்து 'குளுக் குளுக்' என்று சத்தம் வந்தால், சமையலறை சிம்னியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஓடுகிறதா என்று கவனியுங்கள். எல்லா ஜன்னலும் மூடியிருக்கும்போது அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கிறது. மாற்றுக் காற்று டிரெயின் ஹோஸ் வழியாக நுழைந்து, வரும் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது. ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்தால் சத்தம் நின்றுவிடும்.

பருவத் தொடக்கத்திலும் நடுவிலும் 200 மில்லி வெள்ளை வினிகரை அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து தட்டு வழியாக விட்டு, அரை மணி கழித்து ஒரு லிட்டர் தண்ணீரால் அலசுங்கள். ஆசிட், பிளீச்சிங் இரண்டும் அலுமினியத்தை அரிக்கும், வேண்டாம். பிளீச்சோடு வினிகர் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். மெக்கானிக் வந்து நுரை ஸ்ப்ரே அடித்து சர்வீஸ் செய்துவிட்டுப் போனால் அடுத்த இரண்டு நாள் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் கழித்துவிடுங்கள். புது ஏசிக்கு முதல் வாரமும் அப்படியே. தயாரிப்பு எண்ணெய் மிச்சம் வரும்.

அடுக்ககம் முழுமைக்கும் செய்வதானால்

40 வீடு, வீட்டுக்கு இரண்டு ஏசி, ஐந்தைந்து லிட்டர் என்றால் கோடையில் நாளுக்கு 400 லிட்டர். இதற்கு 500 லிட்டர் தொட்டி போதும். டிசம்பரில் ஒன்றும் வராத தண்ணீருக்கு ஐயாயிரம் லிட்டர் தொட்டி விற்க வருபவரை அனுப்பிவிடுங்கள். துபாயின் புர்ஜ் கலீஃபா இப்படிச் சேர்த்த தண்ணீரில் தோட்டம் வளர்க்கிறது என்பது உண்மை. ஆனால் அது ஆண்டு முழுக்க ஓடும் மத்திய ஏசி, நம்முடையதோடு ஒப்பிட முடியாது.

செங்குத்தாக ஒன்றரை இன்ச் பைப், உச்சியில் காற்றுக்குத் திறந்த வாய், ஒவ்வொரு மாடியிலும் கீழ்நோக்கிச் சாய்ந்த ஒய் இணைப்பு. நேர் டி இணைப்புப் போட்டால் மேல்மாடித் தண்ணீர் கீழ்மாடி ஏசிக்குள் எட்டிப்பார்க்கும். சேமிக்க யாருக்கும் பொறுமை இல்லை என்றால், மொட்டைமாடி மழைநீர்ப் பைப்பிலேயே ஹோஸ்களைச் சேர்த்துவிடலாம். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அந்தப் பைப் பெரும்பாலும் உறைகிணற்றில்தான் முடியும். முடிவது சம்பில் என்றால் சேர்க்காதீர்கள், அது வீட்டுப் புழக்கத்துக்கான தண்ணீர். பைப்பில் ஹோஸை இறுக்கி ஒட்டாமல் ஒரு புனல் வைத்து இடைவெளி விடுங்கள். கனமழையில் பைப் அடைத்துக்கொண்டால் மழைநீர் ஏசி வழியாகப் படுக்கையறைக்கு வராமல் புனலோடு வெளியே வழியும்.

விண்டோ ஏசி வைத்திருப்பவர்களுக்கு வாளி நிரம்பாது. பல மாடல்களில் பின்பக்க விசிறியே அடித்தட்டுத் தண்ணீரை வாரிச் சூடான காயில் (சுருள் குழாய்) மேல் அடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அது ஆவியாகும்போது காயில் குளிர்ந்து மின்சாரம் கொஞ்சம் மிச்சமாகும். கூடுதல் தண்ணீருக்காக அடித்தட்டில் ஓட்டை போட்டால் அந்த மிச்சம் போய்விடும், தட்டும் துருப்பிடிக்கும். தானாக வழிவதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.